வலைப்பூவின் உறைவிடம்

எழுதப்பட்ட கருத்து நெடுங்காலம் வாழ வல்லதாயினும், அதனைத் தாங்கும் பொருள் விரைவில் அழியும் இயல்பினது. பனையோலையைச் செல் அரிக்கும். காகிதத்தை ஈரம் கெடுக்கும். நம் முன்னோர் இதனை நன்குணர்ந்து, பழைய ஏடு நைந்து போகுமுன் அதனைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதி வந்தனர். பெயர்த்தெழுதுவாரின்றிப் போன நூல்கள் பல இறந்துபட்டன. இக்காலத்து மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் தம் கட்டுரைகளையும் கவிதைகளையும் பயணக் குறிப்புகளையும் வலைப்பூக்களில் எழுதி வருகின்றனர். இவ்வெழுத்துக்கள் காற்றில் மிதப்பன போலத் தோன்றினும், உண்மையில் எங்கோ ஓரிடத்தில், ஒரு கணினியினுள்ளே குடியிருப்பனவேயாம். அக்குடியிருப்பை வாடகைக்கு அளிக்கும் தொழிலை ஹோஸ்டிங் என்று வழங்குவர். அதில் ஷேர்டு ஹோஸ்டிங் என்றும் மேனேஜ்டு ஹோஸ்டிங் என்றும் இரண்டு வகைகள் வலைப்பூ எழுதுவார் முன் வைக்கப்படுகின்றன. முன்னதைப் பகிர்விடம் என்றும், பின்னதைப் பராமரிப்பிடம் என்றும் பெயரிட்டு, இவற்றுள் யாருக்கு எது தக்கது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வாசகர் ஒருவர் வலைப்பூவின் பக்கமொன்றைத் திறக்கும்போது நிகழ்வது யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். வலைப்பூக்களுக்குப் பெரிதும் பயன்படும் மென்பொருள் வேர்டுபிரஸ் என்பது. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் தொடங்கிய இம்மென்பொருள் 2003-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் தேதி முதன்முதலாக வெளிவந்தது. இதனை யாவரும் விலையின்றிப் பெறலாம். இது கட்டுரைகளையெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் அடுக்கி வைத்திருக்கும். வாசகர் ஒரு பக்கத்தை வேண்டியவுடன், சர்வர் எனப்படும் கணினியானது கட்டுரையைத் தரவுத்தளத்தினின்றும் எடுத்து, தலைப்பும் படமும் பிறவும் சேர்த்து, அப்பக்கத்தை அப்பொழுதே சமைத்துத் தருகின்றது. வரும் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் புதிதாக உலை வைப்பதை இது ஒக்கும். நூறு பேர் ஒருங்கே வருவாராயின் நூறுமுறை சமைத்தல் வேண்டும். ஒருமுறை சமைத்த பக்கத்தை எடுத்து வைத்து, அடுத்து வருவார்க்கும் அதனையே வழங்கும் உபாயமும் உண்டு. அதனைக் கேஷ் என்பர். அவ்வுபாயத்தை அமைத்துத் தருபவர் யார் என்னும் வினாவிலேயே இருவகை இடங்களின் வேற்றுமை தொடங்குகின்றது.

பகிர்விடத்தை நகரங்களிற் காணும் ஒண்டிக்குடித்தனத்திற்கு ஒப்பிடலாம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். இது எவ்வாறு இயலும் எனின், வாசகரின் பிரௌசர் தான் நாடும் தளத்தின் பெயரையும் தன் வேண்டுகோளோடு கூறுதல் வேண்டும் என்னும் விதி, 1997-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 என்னும் வரையறையில் இடம்பெற்றது. அதன் பயனாக, ஒரே எண் முகவரியில் பல தளங்கள் வாழ்தலும், வருவோர் தாம் வேண்டிய தளத்தையே அடைதலும் எளிதாயின. ஒரு கணினியின் செலவைப் பலர் பங்கிட்டுக் கொள்வதால் வாடகை மிகக் குறைவு. ஒரு கணக்கிலேயே பல தளங்களை நடத்தவும், தளப்பெயரோடு கூடிய மின்னஞ்சல் முகவரிகளைப் பெறவும், விரும்பிய மென்பொருளை நிறுவவும் பெரும்பாலும் இடமுண்டு.

எனினும், ஒண்டிக்குடித்தனத்தின் இடர்களும் இதனோடு சேர்ந்தே வரும். குழாய் ஒன்றாயின், அடுத்த வீட்டார் அண்டா நிரப்பும்போது நம் குடத்திற்கு நீர் குறையுமன்றோ? அவ்வாறே அயல்தளத்திற்குத் திடீரென வாசகர் பெருகின் நம் தளம் மந்தமாகக் கூடும். அயலார் ஒருவர் குப்பை மின்னஞ்சல் அனுப்பி, அதனால் அந்தச் சர்வரின் முகவரியே பிறரால் ஒதுக்கப்படின், குற்றமற்ற நம் கடிதங்களும் திரும்பி வரும். அன்றியும், விளம்பரங்களில் 'அளவற்ற இடம்' என்று காணப்படும் சொல்லை அப்படியே கொள்ளற்க. கணினியின் உழைப்புக்கும் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் உரிய வரம்பு ஒப்பந்தத்தின் நடுவே சிறிய எழுத்தில் இருப்பது வழக்கம். முதலாண்டு வாடகையைக் குறைத்துக் காட்டி, புதுப்பிக்கும்போது மிகுதியாகக் கேட்பதும் இத்தொழிலில் எங்கும் உள்ளதே.

இனிப் பராமரிப்பிடத்தை நோக்குவாம். இதற்குக் கல்லூரி விடுதியே ஏற்ற உவமை. விடுதியில் வாழும் மாணவன் உலை வைப்பதுமில்லை, வாயிற்கதவைத் தாழிடுவதுமில்லை. அவன் பொருட்டு அவற்றைச் செய்வார் உளர். அதுபோலப் பராமரிப்பிடத்தார், வேர்டுபிரஸ் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தல், நாள்தோறும் நகல் எடுத்தல், கேஷ் அமைத்தல், தீய நிரல்கள் புகுந்துள்ளனவா என்று தேடுதல் ஆகிய பணிகளைத் தாமே மேற்கொள்கின்றனர். மாற்றம் எதனையும் பொதுமக்கள் காணுமுன் தனியே செய்து பார்ப்பதற்கு ஒரு சோதனைத்தளமும் பலர் அளிக்கின்றனர். ஐயம் நேர்ந்து வினவினால், அம்மென்பொருளை அறிந்தவரே விடை கூறுவர்.

விடுதிக்கு விதிகள் உள்ளவாறு இதற்கும் உண்டு. சில பிளகின்களை அவர்கள் அனுமதிப்பதில்லை. கேஷுக்கும் நகல் எடுப்பதற்கும் உரியவை அவற்றுட் பெரும்பாலன. மாதந்தோறும் வருவோர் தொகைக்கு வரம்பிட்டு, அது கடந்தால் மிகைக்கட்டணம் பெறுவாரும் உளர். மின்னஞ்சல் வசதி பல இடங்களில் இல்லை; அதனை வேறிடத்தில் தனியே பெறுதல் வேண்டும். வாடகையோ பகிர்விடத்தைவிடப் பலமடங்காதல் உண்டு. எச்.டி.டி.பி.எஸ். என்னும் காப்பிற்குரிய சான்றிதழை ஒரு பெரும் அனுகூலமாகச் சிலர் எடுத்துரைப்பர். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் அதனை யாவருக்கும் இலவசமாக வழங்கி வருவதால், அதன்பொருட்டு அதிகப் பணம் தருதல் வேண்டா.

இவ்விரண்டையும் ஒப்பிடும்போது பலர் ஒன்றை நோக்கத் தவறுகின்றனர். பகிர்வு என்பது இடத்தைக் குறிக்கும் சொல். பராமரிப்பு என்பது வேலையைக் குறிக்கும் சொல். பராமரிப்பிடத்தின் சிறிய திட்டங்களிலும் பல தளங்கள் ஒரே கணினியில் வாழ்தல் உண்டு. ஆகவே மிகைப்பணம் கொடுத்து நாம் பெறுவது பிறர் உழைப்பேயாகும். பகிர்விடத்தில் அவ்வுழைப்பு இல்லாமற் போவதில்லை. அது நம் தலைமேல் விழுகின்றது. வாடகையை மட்டும் ஒப்பிடுவோர் இதனைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

அவ்வுழைப்பைப் புறக்கணித்தலால் வருங்கேடு யாது என்பதற்கு 2017-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று சான்றாகும். வேர்டுபிரஸின் 4.7, 4.7.1 ஆகிய பதிப்புகளில் ஒரு குறை இருந்தது. கடவுச்சொல் அறியாத அயலாரும் பிறர் கட்டுரைகளை மாற்றியெழுத அது வழிவிட்டது. அக்குறையை நீக்கிய 4.7.2 பதிப்பு ஜனவரி 26-இல் வெளியாயிற்று. யாவரும் புதுப்பித்துக் கொள்ளும் பொருட்டு, குறையின் விவரத்தைச் சின்னாள் மறைத்து வைத்துப் பிப்ரவரி 1-இல் வெளியிட்டனர். அதன் பின்னர்ச் சில நாட்களுக்குள், புதுப்பிக்கப்படாத தளங்களின் பக்கங்கள் பெருந்தொகையாகச் சிதைக்கப்பட்டன. 2013-இல் வெளியான 3.7 பதிப்பு முதலே இத்தகைய சிறு திருத்தங்கள் தாமே நிறுவப்படும் வசதி இருந்தும் இவ்வாறு நேர்ந்தது. அவ்வசதி எல்லாத் தளங்களிலும் இயங்கிக்கொண்டிருக்கவில்லை. பூட்டு இருந்தும் பூட்டுவாரில்லாத வீடுகள் அவை.

அங்ஙனமாயின், பணம் கொடுத்துப் பராமரிப்பிடம் சேர்ந்தார் கவலையின்றி உறங்கலாமோ எனின், முழுவதும் அன்று. வேர்டுபிரஸ் தளங்களைப் பராமரிப்பதில் முதன்மை வாய்ந்த நிறுவனங்களுள் ஒன்று டபிள்யூ.பி. என்ஜின். இந்நிறுவனத்தாருக்கும் வேர்டுபிரஸ் தொடங்கியவருள் ஒருவரான மாட் முல்லன்வெக்கிற்கும் 2024-ஆம் ஆண்டில் பெரும் பிணக்கு மூண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 25-இல், வேர்டுபிரஸின் பொதுக் களஞ்சியத்தினின்று பிளகின்களைப் புதுப்பிக்கும் வழி அந்நிறுவனத்தின் சர்வர்களுக்கு அடைக்கப்பட்டது. இடையே சின்னாள் திறக்கப்பட்டு மீண்டும் அடைபட்டது. டிசம்பர் 10-இல் அமெரிக்க நீதிமன்றமொன்று இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்த பின்னரே வழி மறுபடியும் திறந்தது. வழக்கின் நியாயம் எப்பக்கமாயினும் ஆகுக. பெரியோர் இருவர் சண்டையில் வழிதவறி நின்றவர் குடியிருந்தோரே.

தீயினால் நேர்ந்த கேடும் ஒன்றுண்டு. 2021-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி, பிரான்சு நாட்டு ஸ்டிராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடமொன்று தீக்கிரையாயிற்று. உயிர்ச்சேதமில்லை, ஆனால் தளங்கள் பல மறைந்தன. சில வாடிக்கையாளரின் காப்பு நகல்களும் அவ்வளாகத்திலேயே இருந்தமையால் மூலத்தோடு நகலும் வெந்தது. நெல்லையும் விதைநெல்லையும் ஒரே பத்தாயத்தில் வைத்தவன் கதை இது. வாடகையிடத்தார் எடுக்கும் நகல் நன்றேயாயினும், நம் கையில் வேறொரு நகல் இருத்தல் இன்றியமையாதது என்பதை இது தெளிவிக்கின்றது.

ஆகவே, எவ்விடத்தைத் தேர்ந்தாலும் இரண்டு பொருள்களை நம் கையினின்றும் விடலாகாது. ஒன்று தளப்பெயர். அதனை நம் பெயரிலேயே பதிவு செய்து, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வருதல் வேண்டும். தளப்பெயர் நம்முடையதாயின், இடம் மாறினும் வாசகர் வழி மாறார். மற்றொன்று நகல். தரவுத்தளமும் படங்களும் அடங்கிய நகலை மாதம் ஒருமுறையேனும் இறக்கி, நம் கணினியில் வைத்தல் நலம். அந்நகலினின்று தளத்தை மீட்டெடுக்க இயலுகின்றதா என்று ஆண்டிற்கு ஒருமுறை செய்து பார்த்தலும் வேண்டும். பார்க்கப்படாத நகல், எண்ணிப் பாராத பணமுடிப்பை ஒக்கும்.

இனி, யாருக்கு எது தக்கது என்று கூறுவாம். தனி மாணவன் ஒருவன், நாளொன்றுக்குச் சில நூறு வாசகரைக் கொண்ட வலைப்பூவைத் தானே நடத்துவானாயின், அவனுக்குப் பகிர்விடமே சாலும். வாரந்தோறும் சிறிது நேரம் ஒதுக்கிப் புதுப்பித்தலைக் கவனிப்பானாகில், குறைந்த செலவில் தளம் நன்கு நடைபெறும். தொழிலறிவும் அவனுக்கு உண்டாகும். மாணவர் மன்றமோ இலக்கியக் கழகமோ நடத்தும் வலைப்பூவின் நிலை வேறு. செயலாளர் ஆண்டுதோறும் மாறுவர். தளத்தை அமைத்தவர் பட்டம் பெற்றுப் பிரிவர். கடவுச்சொல்லும் அவரோடே போகும். சில ஆண்டுகளில் அத்தளம் பூட்டப்படாத வீடாகிவிடும். அத்தகைய கூட்டத்தார் சந்தாவிற் சிறிது மிகுதியாகத் திரட்டியேனும் பராமரிப்பிடத்தை நாடுதல் அறிவுடைமை. நன்கொடை பெறும் தளங்களுக்கும் பிறர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் தளங்களுக்கும் இதுவே பொருந்தும். கணினித் துறையில் நிலையான ஊழியர் ஒருவர் பொறுப்பேற்கும் கல்லூரிக்கோ, பகிர்விடமும் தீதன்று.

ஐயமுடையார்க்கு எளிய சோதனையொன்று கூறி முடிப்பாம். ஒரு தாளில் மூன்று வினாக்களை எழுதுக: மென்பொருளைப் புதுப்பிப்பவர் யார்? நகல் எடுப்பவர் யார்? நள்ளிரவில் தளம் வீழ்ந்தால் எழுப்பப்படுபவர் யார்? ஒவ்வொன்றன் எதிரிலும் ஒரு மனிதரின் பெயரை எழுத இயலுமாயின், அவர் மூன்றாண்டின் பின்னும் அப்பணியில் இருப்பாராயின், பகிர்விடத்தைத் துணிந்து கொள்ளலாம். பெயர் எழுத இயலாவிடத்துப் பராமரிப்பிடத்தாரின் பெயரை எழுதி, அதற்குரிய பொருளைக் கொடுத்தலே தகும். இரண்டும் செய்யாது விட்ட வலைப்பூவில் இளைஞர் பலர் ஆண்டுக்கணக்காக எழுதிய எழுத்து, பெயர்த்தெழுதுவாரற்ற ஏடு போல, ஒருவரும் அறியாமலே இறந்துபடும்.