நடக்காமலே ஒரு நடைப்பயணம்

நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை, நாட்டின் மிகச் சிறந்த மலைப்பாதைகளையும் காட்டுப்பாதைகளையும் தேர்ந்து ‘மாபெரும் நடைகள்’ என்ற பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் ஒன்றில் மட்டும் நடையே கிடையாது. வடக்குத் தீவில் ஓடும் வாங்கானுயி ஆற்றில் துடுப்புப் போட்டே போக வேண்டும். தௌமாருனுயி ஊரில் படகேறினால் பிப்பிரிக்கியில் கரையேற 145 கிலோமீட்டர். ஐந்து நாள் பயணம். அவ்வளவு விடுப்பு கிடைக்காதவர்கள் வழியில் வாக்காஹோரோவில் தொடங்கி மூன்று நாளில் முடித்துக்கொள்கிறார்கள்.

இதற்குப் பெரிய வீரர்கள் தேவையில்லை. நண்பர்கள், குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று கூட்டமாகத்தான் வருகிறார்கள். சிலர் கயாக்கில் போவதுண்டு. ஆனால் அரிசி, அடுப்பு, கூடாரம், மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டுமே! அதனால் இருவர் அமரும் திறந்த கனோவுக்குத்தான் இங்கே மவுசு. சாமான்கள் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் டிரம்களுக்குள் போய், படகோடு கட்டப்படும். பின்னால் இருப்பவர் திசை பிடிப்பார், முன்னால் இருப்பவர் வேகம் கொடுப்பார். கணவனும் மனைவியும் ஒரே படகில் ஏறலாமா என்பது தனி விவாதம்.

புறப்படும் முன் படகை வாடகைக்குக் கொடுப்பவர்கள் நடத்தும் பாடம் சுருக்கமானது. தண்ணீரைப் பார்க்கத் தெரிந்தால் போதும் என்பதே அதன் சாரம். தண்ணீர் சரிந்து நுரைத்து ஓடும் இடத்தில், ஆறு போகும் திசையை நோக்கிக் குவியும் வழவழப்பான நாக்கு ஒன்று தெரிந்தால் அங்கே ஆழம் இருக்கிறது. படகை அதற்குள் விடலாம். அதே கூர்முனை நம்மைப் பார்த்து நின்றால் அடியில் பாறை. கவிழ்ந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஆறு போகும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். இப்படி நுரைத்து ஓடும் பாய்ச்சல்கள் இந்த ஆற்றில் 200க்கும் மேல் உண்டு. பெரும்பாலானவை சாதுவானவை. மலையில் மழை பெய்தால் மட்டும் ஆற்றின் சுபாவமே மாறிவிடும். ஒரே இரவில் நீர்மட்டம் மீட்டர் கணக்கில் ஏறக்கூடும். எவ்வளவு களைத்திருந்தாலும் மாலையில் படகுகளைக் கரைமேட்டில் உயர இழுத்துக் கட்டிவிட்டுத்தான் சமையல்.

பாய்ச்சல்களுக்கு நடுவே அவசரமே இல்லை. இருபுறமும் செங்குத்தான களிமண் பாறைச் சுவர்கள், அவற்றில் தொங்கும் பெரணிகள், இடுக்குகளிலிருந்து விழும் சிற்றருவிகள். பெரும்பகுதி வழியில் கைபேசி வேலை செய்யாது. துடுப்பை மடியில் வைத்துவிட்டு நான்கைந்து படகுகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கதை பேசியபடி மிதக்கலாம்; ஆறே இழுத்துக்கொண்டு போகும்.

வழியில் எல்லோரும் கட்டாயம் இறங்கும் இடம் மங்காப்புருவா. கரையிலிருந்து முக்கால் மணி நேரம் காட்டுக்குள் நடந்தால், ஓடைக்குச் சுமார் 40 மீட்டர் உயரத்தில் ஒரு கான்கிரீட் பாலம் நிற்கிறது. இரு பக்கமும் ஊர் கிடையாது. முதல் உலகப்போரில் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்கு அரசு இந்தப் பள்ளத்தாக்கில் நிலம் கொடுத்தது. காட்டை வெட்டிப் புல்வெளி ஆக்கினார்கள். மரங்கள் போனதும் மலைச்சரிவுகள் மழையில் கரைந்து வழிந்தன, சாலை சேறானது. பாலம் 1936இல் கட்டி முடிந்தபோது பெரும்பாலானவர்கள் மூட்டை கட்டிவிட்டிருந்தார்கள். சாலையைப் பராமரிக்க முடியாது என்று அரசு கைவிரித்ததும், 1942இல் மிச்சமிருந்த சிலரும் வெளியேறினார்கள். ‘எங்கும் போகாத பாலம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சிப்பாய்கள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இந்தக் கரைகளில் நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் வாழ்ந்தார்கள். ஆறுதான் அவர்களுக்குச் சாலை, விலாங்கு மீன் தரும் வயல். நீராவிப் படகுகளுக்கு வழி செய்வதற்காக அவர்களுடைய மீன் தடுப்புகள் பிடுங்கப்பட்டன. 1870களிலேயே நாடாளுமன்றத்துக்கு மனு கொடுக்கத் தொடங்கியவர்களுக்கு 2017 மார்ச்சில்தான் பதில் கிடைத்தது. மலையிலிருந்து கடல் வரைக்குமான ஆறு முழுவதும் சட்டத்தின் முன் ஒரு நபர் என்று அறிவிக்கப்பட்டது. அதன் சார்பில் பேச இரண்டு பேர்: ஒருவரை அரசு முன்மொழியும், இன்னொருவரை மாவோரி குலங்கள். அதே மாதம் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அதே தகுதியை அளித்தது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வாங்கானுயியின் கதையும் அப்பழுக்கில்லாதது அல்ல. நபர் ஆன பிறகும் அதன் தலைப்பகுதி நீரில் ஒரு பங்கு மின் திட்டத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது.

படகுக்காரர்கள் இதையெல்லாம் நேரில் உணர்வது தியெக்கே என்ற இடத்தில். பழைய மாவோரிக் குடியிருப்பு அது. 1993இல் அந்தக் குடும்பங்கள் திரும்பிவந்து உரிமை கோரின. இப்போது பயணிகள் தங்கும் குடிலும் அதுவே. ஆட்கள் இருக்கும் நாளில் வருகிறவர்களை முறைப்படி வரவேற்பார்கள். பதிலுக்குக் குழுவிலிருந்து ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும். மற்ற குடில்களில் பணம் கட்டிப் படுத்து எழுந்தவர்கள், இங்கே யார் வீட்டில் தங்குகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் படுக்கிறார்கள்.

கடைசி நாளில் ‘ஐம்பதுக்கு ஐம்பது’ என்று எல்லோரும் கூப்பிடும் பாய்ச்சல் காத்திருக்கிறது. பாதிப் பேர் கவிழ்வார்கள் என்பது கணக்கு. முன்னே போனவர்கள் கீழே கரையோரம் ஒதுங்கி நின்று அடுத்த படகைப் பார்த்துக் கைதட்டுவார்கள். விழுந்தவர்களின் செருப்பையும் தொப்பியையும் பொறுக்கித் தருவதும் அவர்கள் வேலைதான். அங்கிருந்து பிப்பிரிக்கி கிட்டத்தில். ஈரம் சொட்டச் சொட்ட டிரம்களை இறக்கி, படகுகளை டிரெய்லரில் ஏற்றினால், வாடகைக்காரரின் வேன் கிளம்பத் தயார்.