மனுவும் பதிலும் – 9: ‘எங்க லிமிட் இல்லீங்க’

முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம். ஒட்டியிருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பக்கத்துப் பெருங்களத்தூர் அதற்குள் போனது. முடிச்சூர் ஊராட்சியாகவே நின்றது. அருகே ஓடும் அடையாறோ நீர்வளத் துறையின் பொறுப்பு. தெருவில் தண்ணீர் ஏறினால் எந்த வாசலில் போய் நிற்பது? எங்கே போனாலும் முதலில் காதில் விழுவது, ‘இது எங்க லிமிட் இல்லீங்க’ என்பதுதான்.

2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர். ஊரெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியே பேசியது. ஆனால், அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரைத் தாண்டிக் கீழே. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த வெள்ளம். அதன்பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய் கட்டினார்கள். இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனாலும் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலில் அதே தெருக்களில் மறுபடியும் படகு ஓடியது.

இந்த மக்கள் கோபப்படக் கூடாதா? கட்டாயம் படலாம். பொறுமையாக இருங்கள் என்று அவர்களிடம் சொல்ல, வீட்டுக்குள் தண்ணீர் வராத யாருக்கும் உரிமை கிடையாது. மனு போட்டால், ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி வரும். அத்தோடு கணக்கில் அந்த மனு முடிந்துவிடும். தெருவில் தண்ணீர் மட்டும் அப்படியே நிற்கும். கோபத்தை மூட்டுவது மழையல்ல, அந்த ஒரு வரிதான்.

அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல். முன்னால் உட்கார்ந்திருக்கும் எழுத்தரிடம் மதகைத் திறக்கும் அதிகாரம் கிடையாது. அவர் சட்டையைப் பிடித்தால், ‘அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக’ வழக்கு வரும். அந்த நொடியில் கால்வாய் பேச்சு போய், நம் நடத்தை பேச்சாகிவிடும். பொறுப்பில் இருந்தவர் தப்பித்துக்கொள்வார்.

கோபத்தைக் காட்ட வழியே இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை 2017 அக்டோபர் 23 காட்டியது. கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகளோடு நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீயில் கருகினார். அதன்பின் ஆட்சியர் அலுவலக வாசல்களில் போலீசார் மனு கொடுக்க வருபவர்களின் பைகளையும் பாட்டில்களையும் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். பையைச் சோதித்த அக்கறையோடு பழைய மனுக்களைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டாமா? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அப்படியானால் கோபத்தை எப்படிக் காட்டுவது? மனுவுக்கு ரசீது வாங்குங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்: என் மனு இப்போது எந்த அதிகாரியின் மேசையில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது? முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். தகுந்த காரணமில்லாமல் தாமதித்த தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையம் அபராதம் போடலாம். குறித்த நாளுக்குள் சேவை தராத அதிகாரிக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010-லேயே கொண்டுவந்துவிட்டது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், அப்படியொரு சட்டம் இங்கே எப்போது என்று கோபமாகவே கேளுங்கள்.

(தொடரும்)