ஈகைத் திருநாளும் நோன்பு மாதமும்

பெயரில் உள்ள வினா

ரமலான் மாத நோன்பு நிறைவுற்ற மறுநாள் இஸ்லாமியர் கொண்டாடும் விழாவிற்கு அரபு மொழியில் ‘ஈதுல் ஃபித்ர்’ என்று பெயர். நோன்பை நிறைவு செய்யும் பெருநாள் என்பது அதன் பொருள். வட இந்தியாவில் மக்கள் அதனைச் சுருக்கமாக ‘ஈத்’ என்பர். தமிழிலோ அவ்விழாவிற்கு ‘ஈகைத் திருநாள்’ என்னும் பெயர் வழங்குகிறது. ஈகை என்பது இல்லாதவர்க்குக் கொடுத்தல் ஆகும். ஒரு மாதம் முழுவதும் பகற்பொழுதில் உண்ணாமலும் பருகாமலும் இருந்தவர்கள் கொண்டாடும் நாளுக்குக் கொடுத்தலைக் குறிக்கும் பெயர் எவ்வாறு பொருந்துகிறது? உண்ணாமைக்கும் கொடுத்தலுக்கும் இடையே உள்ள உறவை அறிந்தால் ரமலான் மாதத்தின் உட்பொருள் விளங்கும்.

பிறை காட்டும் மாதம்

இறைநம்பிக்கை, தொழுகை, நோன்பு, ஜகாத் எனப்படும் கட்டாயக் கொடை, ஹஜ் பயணம் ஆகிய ஐந்தும் இஸ்லாத்தின் அடிப்படைக் கடமைகளாகும். இவற்றுள் நோன்பு ரமலான் மாதத்திற்கு உரியது. இறைத்தூதர் முகமது நபி மக்காவிலிருந்து மதீனாவிற்கு இடம்பெயர்ந்த 622ஆம் ஆண்டை முதலாகக் கொண்டு ஹிஜ்ரி ஆண்டு கணக்கிடப்படுகிறது. அதன் ஒன்பதாம் மாதமே ரமலான். திருக்குர்ஆன் அருளப்பெறத் தொடங்கிய மாதம் என்பதனால் இம்மாதம் சிறப்புப் பெறுகிறது. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில் ரமலான் நோன்பு கடமையாக்கப்பட்டது.

ஹிஜ்ரி நாட்காட்டி நிலவின் சுழற்சியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. மேற்கு வானில் புதிய பிறை தென்பட்டதும் புதிய மாதம் பிறக்கிறது. எனவே ஒரு மாதத்திற்கு 29 நாள்களோ 30 நாள்களோ அமையும். பன்னிரண்டு மாதங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 354 நாள்களே ஆகின்றன. இது கதிரவனைக் கொண்டு கணக்கிடும் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. ஆதலால் ரமலான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் பத்து அல்லது பதினொரு நாள்கள் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் அது கோடை, மழை, குளிர் என எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் ரமலான் பிறக்கும் என்பது இக்கணக்கின் விளைவே.

பருவங்களினூடே நிகழும் இப்பயணத்தால் ஒரு நன்மை விளைகிறது. 2000ஆம் ஆண்டில் ரமலானின் பெரும்பகுதி டிசம்பரில் அமைந்தது. அக்குளிர்காலத்தில் தில்லியில் நோன்பு நோற்றவர்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்கும் குறைவாகவே உண்ணாதிருந்தனர். 2016ஆம் ஆண்டில் ரமலான் ஜூன் மாதத்தில் தொடங்கியது. அப்போது அதே நகரத்தில், அனல்காற்று வீசும் கோடையில், பதினைந்து மணி நேரத்திற்கும் மேலாக நீரும் அருந்தாமல் இருக்க வேண்டியிருந்தது. மாதம் ஒரே பருவத்தில் நிலைத்திருந்தால் சில நாட்டினர்க்கு நோன்பு என்றும் எளிதாகவும் வேறு சில நாட்டினர்க்கு என்றும் கடினமாகவும் இருந்திருக்கும். பிறையோடு நகரும் மாதமோ எளிமையையும் கடுமையையும் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது.

நோன்பின் ஒரு நாள்

நோன்பாளியின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. வைகறை இருளில் எழுந்து உண்ணும் உணவிற்கு ‘சஹர்’ என்று பெயர். கிழக்கு வெளுக்கும் முன் இவ்வுணவை முடித்துவிட வேண்டும். அதன்பின் கதிரவன் மறையும்வரை உணவு இல்லை. ஒரு துளி நீரும் இல்லை. ஆயினும் அன்றாடப் பணிகள் நிற்பதில்லை. மாணவர் பள்ளிக்குச் செல்வர். அலுவலர் அலுவலகம் செல்வர். கடைத்தெருவில் பாரவண்டி இழுக்கும் தொழிலாளியும் தம் வண்டியை இழுப்பார். இல்லத்தில் சமைக்கும் பெண்கள், உப்பும் புளிப்பும் சரிபார்க்கச் சுவைத்தாலும் விழுங்காமல், மாலை உணவை ஆக்கி வைப்பர்.

கதிரவன் மறைந்ததும் நோன்பு திறக்கப்படுகிறது. இதற்கு ‘இஃப்தார்’ என்று பெயர். ஒரு பேரீச்சம்பழமும் சிறிது நீரும் கொண்டு நோன்பு திறப்பது நபியின் வழிமுறை. உரிய நேரம் வந்தபின் நோன்பு திறப்பதைத் தாமதப்படுத்தலாகாது. பசியை நீட்டித்து உடலை வருத்துவது நோன்பின் நோக்கமன்று என்பது இதனால் புலப்படும்.

நோன்பு வயிற்றுக்கு மட்டும் உரியதன்று. பொய், புறங்கூறல், சினச்சொல் ஆகியவற்றிலிருந்து நாவும், தகாதவற்றைக் காண்பதிலிருந்து கண்ணும் விலகியிருக்க வேண்டும். தொழுகையைப் பிறர் காண்பர். கொடையைப் பெற்றவராவது அறிவார். நோன்போ பிறர் கண்ணுக்குப் புலனாகாத வழிபாடு. தாகத்தால் நா வறண்ட ஒருவர் தனியறையில் இருக்கிறார். அருகே குளிர்ந்த நீர் நிறைந்த பானை உள்ளது. அவர் ஒரு குவளை நீர் அருந்தினாலும் உலகம் அறியப்போவதில்லை. இருந்தும் அவர் அருந்துவதில்லை. காண்பவர் எவருமில்லாத இடத்திலும் தம் சொல்லைக் காக்கும் அந்த உறுதியே நோன்பு தரும் பயிற்சி.

விலக்கும் மாற்றும்

நோன்பு கடமை எனினும் அனைவரும் எந்நிலையிலும் நோற்க வேண்டும் என்பதில்லை. சிறுவர்க்கு அது கடமையன்று. நோயாளிகளும் பயணம் செய்வோரும் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் தேவையெனில் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் வேறு நாள்களில் ஈடுசெய்யலாம். மறதியால் ஒருவர் உண்டுவிட்டால் அதனால் அவருடைய நோன்பு முறிவதில்லை என்பதும் பெரும்பான்மையோர் ஏற்ற நெறியாகும்.

முதுமையாலோ தீராத நோயாலோ இனி நோன்பு நோற்கவே இயலாதவர் என்ன செய்வது? விடுபட்ட ஒவ்வொரு நோன்பிற்கும் ஈடாக ஓர் ஏழைக்கு அவர் உணவளிக்க வேண்டும். இதற்கு ‘ஃபித்யா’ என்று பெயர். தாம் பசித்திருக்க இயலாதபோது பிறர் பசியை நீக்குவதே அதற்கு மாற்றாகிறது. தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கான விடையின் ஒரு பகுதி இவ்விதியிலேயே அடங்கியுள்ளது.

இந்தியா நெடுகிலும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வாழும் இஸ்லாமியர் ஏறத்தாழ 17.2 கோடியினர். இவர்கள் அனைவருக்கும் நோன்பின் விதி ஒன்றே. நோன்பு திறக்கும் நேரமோ இடத்திற்கு இடம் மாறுகிறது. நாட்டின் கிழக்கு எல்லைக்கும் மேற்கு எல்லைக்கும் இடையே கதிரவன் தோன்றி மறைவதில் ஏறத்தாழ இரண்டு மணி நேர வேறுபாடு உண்டு. அசாமில் நோன்பு திறந்து, தொழுது, இரவு உணவிற்கு அமரும் வேளையில் குஜராத்தின் கடற்கரையில் உள்ளவர்கள் இன்னும் மாலை வெயிலைப் பார்த்தவாறு காத்திருப்பர். பிறை தென்படுவதும் எங்கும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. 2024ஆம் ஆண்டில் கேரளத்தில் ஏப்ரல் 10ஆம் நாளும் தில்லியில் ஏப்ரல் 11ஆம் நாளும் பெருநாள் கொண்டாடப்பட்டது.

நேரத்தை அறிவிக்கும் முறைகளும் பலவாகும். கடிகாரமும் ஒலிபெருக்கியும் பரவுவதற்கு முன் தோன்றிய வழக்கங்கள் சில இன்றும் நிலைத்துள்ளன. காஷ்மீரில் ‘சஹர்கான்’ எனப்படுவோர் பறை முழக்கியவாறு தெருக்களில் நடந்து, மக்களைச் சஹர் உணவிற்கு எழுப்புவர். மத்தியப் பிரதேசத்தின் ராய்சேன் நகரில் மலைக்கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கிச் சஹர் நேரத்தையும் இஃப்தார் நேரத்தையும் ஊருக்கு உணர்த்துகிறது. நவாபுகளின் காலத்திலிருந்து தொடரும் மரபு இது.

நோன்பு திறக்கும் உணவிலும் அந்தந்த நிலத்தின் சுவை கலந்துள்ளது. ஐதராபாத்தில் இறைச்சியும் கோதுமையும் பல மணி நேரம் வேகவைத்துக் கடைந்து ஆக்கப்படும் ‘ஹலீம்’ பெயர் பெற்றது. 2010ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பெரிய பாத்திரங்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படுகிறது. இதற்கென மாநில அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. பிற்பகலில் பள்ளிவாசல் வாயிலில் பாத்திரங்களுடன் காத்திருப்போருள் நோன்பாளிகளும் இருப்பர். பிற சமயத்தைச் சார்ந்த அண்டை வீட்டாரும் இருப்பர். கஞ்சி இருவர்க்கும் வார்க்கப்படுகிறது.

ஷாஜகான் எழுப்பி 1656ஆம் ஆண்டில் நிறைவுற்ற தில்லி ஜாமா பள்ளிவாசலின் அகன்ற முற்றத்தில் மாலைதோறும் குடும்பங்கள் விரிப்பு விரித்து அமர்கின்றன. கொண்டுவந்த பழங்களையும் பண்டங்களையும் அருகில் அமர்ந்திருக்கும் முன்பின் அறியாதவர்க்கும் பகிர்ந்து வைக்கின்றனர். நோன்பாளிக்கு உணவளிப்பவரும் அந்நோன்பின் நன்மையைப் பெறுவார் என்பது நம்பிக்கை. எனவே பிறருக்குக் கொடுக்கக் கை முந்துகிறது.

இரவின் வழிபாடு

பகல் நோன்பிற்கு உரியது போல இரவு தொழுகைக்கு உரியது. இரவுத் தொழுகைக்குப் பின் ‘தராவீஹ்’ என்னும் சிறப்புத் தொழுகை நடைபெறுகிறது. திருக்குர்ஆனை முழுவதும் மனனம் செய்தவர் ‘ஹாஃபிழ்’ எனப்படுவார். அவர் தொழுகையில் நாள்தோறும் ஒரு பகுதியை ஓத, பின்னால் நிற்போர் செவிமடுப்பர். திருக்குர்ஆன் முப்பது பாகங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதனால் மாதம் முடிவதற்குள் அதனை முழுவதும் ஓதி நிறைவு செய்வது பல பள்ளிவாசல்களில் வழக்கமாக உள்ளது.

இறுதிப் பத்து நாள்கள் மேலும் சிறப்புடையன. அந்நாள்களில் சிலர் உலக அலுவல்களை விடுத்துப் பள்ளிவாசலிலேயே தங்கி வழிபடுவர். திருக்குர்ஆன் அருளப்பட்ட ‘லைலத்துல் கத்ர்’ என்னும் மாட்சிமை மிக்க இரவு இப்பத்து நாள்களின் ஒற்றைப்படை இரவுகளுள் ஒன்றில் அமையும் என்று நம்பப்படுகிறது. இந்தியாவில் இருபத்தேழாம் இரவில் பெரும்பாலோர் விழித்திருந்து வழிபடுவர்.

பசி கற்பிக்கும் ஈகை

ஜகாத் என்பது வசதியுடையோர் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய கொடை. குறிப்பிட்ட அளவிற்கு மேற்பட்ட செல்வம் ஓராண்டுக் காலம் ஒருவரிடம் தங்கியிருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கை, அதாவது நூற்றுக்கு இரண்டரை விழுக்காட்டை, அவர் வழங்க வேண்டும். ஏழைகள், வறியோர், கடன்பட்டோர், வழிப்போக்கர் முதலிய எட்டு வகையினர் அதனைப் பெறும் உரிமையுடையோர். ஜகாத்தை ஆண்டின் எம்மாதத்திலும் கொடுக்கலாம். எனினும் பலர் ரமலான் மாதத்தையே தேர்ந்தெடுக்கின்றனர். பசியை ஏட்டில் படித்தறிவது வேறு. பிற்பகல் நான்கு மணிக்குத் தம் வயிற்றில் உணர்ந்தறிவது வேறு. தமக்கு மாலையில் தீர்ந்துவிடும் பசி, மாலையிலும் தீராதவர்களை நினைவூட்டுகிறது.

‘ஃபித்ரா’ என்பது ரமலானுக்கே உரிய மற்றொரு கொடை. குடும்பத் தலைவர் தமக்கும் தம் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, குறிப்பிட்ட அளவு தானியத்தையோ அதன் மதிப்பையோ ஏழைக்கு அளிக்க வேண்டும். இதில் கருதத்தக்க விதி ஒன்று உண்டு. பெருநாள் காலையில் தொழுகைக்குச் செல்லும் முன்பே ஃபித்ராவைக் கொடுத்துவிட வேண்டும். ஊரில் ஓர் அடுப்பு எரியாதிருக்க, ஏனையோர் விழாக் கொண்டாடலாகாது என்பதே இவ்விதியின் உள்ளக்கருத்து. அன்று நோன்பு நோற்பதும் விலக்கப்பட்டுள்ளது. நேற்றுவரை எல்லோரும் பசித்திருந்தனர். இன்று எல்லோரும் உண்ண வேண்டும்.

திருக்குறளின் ‘ஈகை’ அதிகாரமும் இக்கருத்தைத் தொடுகிறது. பசியைப் பொறுத்துக்கொள்ளும் வலிமை பெரிது. ஆயினும் பிறர் பசியை மாற்றுவோரின் வலிமைக்குப் பின்னரே அது வைத்து எண்ணப்படும் என்பது வள்ளுவர் கருத்து. ரமலானின் முப்பது நாள்கள் முதல் வலிமையைப் பயிற்றுவிக்கின்றன. ஃபித்ரா அளிக்கும் பெருநாட் காலை இரண்டாவது வலிமைக்கு உரியது. உண்ணாமையில் தொடங்கும் மாதம் ஊட்டுதலில் நிறைவுறுவதனால் ‘ஈகைத் திருநாள்’ என்னும் தமிழ்ப் பெயர் அவ்விழாவிற்கு முற்றும் பொருந்துகிறது.

ஓர் இடுக்கியின் கதை

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் ‘ஈத்காஹ்’ என்னும் சிறுகதை பல தலைமுறை மாணவர்க்கு அறிமுகமானது. தாய் தந்தையரை இழந்த சிறுவன் ஹாமித் பாட்டி அமீனாவுடன் வறுமையில் வாழ்கிறான். பெருநாளன்று அவன் கையில் இருப்பது மூன்று பைசா மட்டுமே. திடலில் தொழுகை முடிந்தபின் நண்பர்கள் சந்தையில் மண்பொம்மைகளையும் இனிப்புகளையும் வாங்குகின்றனர். ஹாமித்திற்கும் ஆசை உண்டு. வயிற்றில் பசியும் உண்டு. ஆனால் ரொட்டி சுடும்போதெல்லாம் பாட்டியின் விரல்கள் சூடுபடுவது அவன் நினைவிற்கு வருகிறது. அவன் மூன்று பைசாவையும் கொடுத்து ஓர் இரும்பு இடுக்கி வாங்கிச் செல்கிறான். ஒன்றும் உண்ணாமல் இடுக்கியை வாங்கி வந்தானே என்று முதலில் சினம் கொண்ட பாட்டி, காரணத்தைக் கேட்டதும் கண்ணீர் சொரிந்து அவனை வாழ்த்துகிறாள்.

ஜகாத் கொடுக்கும் அளவிற்கு ஹாமித்திடம் செல்வம் இல்லை. நோன்பு நோற்கும் வயதும் அவனுக்கு வரவில்லை. எனினும் தன் பசியைப் பொறுத்துப் பிறர் துன்பம் நீக்கிய அச்சிறுவன், அந்த ஊரில் ஈகைத் திருநாளை முழுமையாகக் கொண்டாடியவர்களுள் ஒருவன் ஆகிறான்.