கறுப்பு வட்டத்தில் அம்மா கண்டது

"இது என்ன படம்? சின்னப் பிள்ளை கிறுக்கியது போல இருக்கிறதே!" என்று நவீன ஓவியங்களைக் கண்டு சிரிப்போர் உண்டு. நானும் சிரித்தவன்தான்.

இந்திய ஓவியர் எஸ்.எச். ரசா 1922-இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர். பள்ளியில் அவர் மனம் அலைபாய்ந்தபோது, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்னாராம். 1950-இல் பிரான்சுக்குப் போனவரின் ஓவியங்களில், 1980 வாக்கில் அந்தப் புள்ளியே பெரிய கறுப்பு வட்டமாக வந்து நின்றது. அதற்கு 'பிந்து' என்று பெயரிட்டார். 2016-இல் காலமானார்.

வகுப்பில் காட்டுவதற்காக அப்படத்தின் பிரதி ஒன்றை ஈப்போ வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பால் மரம் சீவி எங்களை வளர்த்த அம்மா அதை நெடுநேரம் பார்த்தார்.

"பால் விழாத வெறும் மங்கு, தம்பி. விடியாத இருட்டுல இப்படித்தான் தெரியும். மழை பெஞ்சா வேலை இல்ல, கூலியும் இல்ல. அப்படி ஒரு மாசந்தான் ஒன் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குக் கம்மலை அடகு வெச்சேன்" என்றார்.

இத்தனை வயதுக்குப் பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடு. லயங்களும் இல்லை.

மரத்தை வரைந்தால் மரத்தைத்தான் காண்போம். வெறும் வட்டத்திலோ அவரவர் வாழ்க்கையைக் காண்கிறோம்.

பெற்றோர்களே, இத்தகைய படம் கிடைத்தால் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். "என்ன ஞாபகம் வருகிறது?" என்று கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.