குற்றாலத்தில் பாட்காஸ்ட் பதிவு பண்ணப் போறீங்களா? முதல்ல அருவியை விட்டுத் தள்ளி வாங்க!

சீசனில் குற்றாலம் போன எல்லோருக்கும் தெரியும். பேரருவி பக்கத்தில் நின்றால், அருகில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. இது தெரிந்தும், முதல் பாட்காஸ்ட்டுக்காக அருவிக்கரையிலேயே ஒரு கடைக்காரரை நிறுத்தி 40 நிமிடம் பேட்டி எடுத்தேன். 'பின்னணி செமையா வரும்' என்று நினைப்பு. ஆபீஸுக்கு வந்து ஹெட்போன் மாட்டினால், தண்ணீர் மட்டும்தான் பேசுகிறது.

ஆப்பில் போட்டு இரைச்சலை நீக்கிவிடலாமே என்று தோன்றும். ஃபேன் ரீங்காரம் என்றால் பெரும்பாலும் முடியும். அருவி அப்படியில்லை. அடித்தொண்டை ஒலி முதல் விசில் ஒலி வரை எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் இரைகிறது. மனிதக் குரல் இருக்கும் இடமும் அதற்குள்தான் வரும். இரைச்சலை வெட்டினால் குரலும் சேர்ந்து வெட்டுப்படும். இப்போதைய ஏஐ கருவிகள் ஓரளவு மீட்டுத் தருகின்றன, உண்மைதான். ஆனால் சரியாகக் கேட்காத இடத்தில் சில நேரம் அவையே ஒரு ஒலியை இட்டு நிரப்பிவிடும். 'வரல' என்று சொன்னாரா, 'வரலாம்' என்று சொன்னாரா என்பதை ஒரு மென்பொருளின் யூகத்துக்கு விட முடியுமா?

அதுவும் கதை இப்படிப்பட்டதாக இருக்கும்போது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயது சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அந்த நாளைப் பற்றி ஒரு எபிசோட் செய்வதாக வைத்துக்கொள்வோம். பலரும் கேமரா முன்னால் வர மாட்டார்கள். முகம் தெரியாது, குரல் மட்டும்தான் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். அங்கேதான் ஆடியோவுக்கு வேலை.

குரல் தனி, அருவி தனி

பேட்டியை ஊருக்குள் எடுங்கள். தென்காசியில் அவர் வீட்டிலேயே, மெத்தை, தலையணை, துணிமணி இருக்கும் ரூம்தான் பெஸ்ட். காலி ரூம் எதிரொலிக்கும். ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். விலை உயர்ந்த மைக் தேவையில்லை. சட்டையில் மாட்டும் சின்ன மைக், வாயிலிருந்து ஒரு சாண் தூரம். அவ்வளவுதான். மைக் தூரத்தைப் பாதியாகக் குறைத்தாலே குரல் சுமார் 6 டெசிபல் கூடும். எந்த ஆப்பும் செய்யாத உதவி இது. ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள், வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த ரூமின் அமைதியையும் பதிவு செய்யுங்கள். எடிட்டில் வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை.

கேள்வியும் முக்கியம். "எப்படி உணர்ந்தீங்க?" என்று கேட்டால் "கஷ்டமா இருந்துச்சு" என்றுதான் வரும். "அண்ணாச்சி, தண்ணி வர்றதுக்கு முன்னாடி சத்தம் மாறுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். காதால் நினைவுகூரச் சொன்னால், கேட்பவருக்கும் அந்த இடம் கண்முன் வரும். "கேள்வியையும் சேர்த்தே பதில் சொல்லுங்க" என்று முன்பே சொல்லிவிட்டால், எடிட்டில் உங்கள் குரலே தேவைப்படாது.

பிறகு அருவிக்குப் போங்கள். மூன்று தூரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம்: அருவிக்குப் பக்கத்தில், கடைத்தெருவில், வண்டி நிறுத்துமிடத்தில். சாரல் நேரத்தில் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம், இல்லையென்றால் காற்று மைக்கில் அறையும். குளிக்கத் தடை போட்டிருந்தால், தடுப்புக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். நல்ல ஆடியோவுக்காக உள்ளே நுழைகிற நிருபரை மீட்க இன்னொருவர் இறங்க வேண்டியிருக்கும்.

மிக்ஸிங்கில் நடக்கும் பொய்

ஜூலையில் பேரருவியில் எடுத்த இரைச்சலை, மே மாத வெள்ளம் பற்றிய பேச்சுக்கு அடியில் ஓட விட்டால் என்ன ஆகும்? பழைய குற்றாலத்தின் அன்றைய வெள்ளச் சத்தம் என்றுதான் கேட்பவர் நம்புவார். வீடியோவில் பழைய காட்சி போட்டால் 'கோப்புப் படம்' என்று எழுதுகிறோம். ஆடியோவில் எழுத இடமில்லை, அதனால் வாயால் சொல்ல வேண்டும்: "இது ஜூலையில் பேரருவியில் பதிவு செய்தது". நாலு நொடிதான் ஆகும். என் கணக்கில், சொல்ல மனசில்லாத ஒலியைச் சேர்க்கவே கூடாது.

வாட்ஸ்அப்பில் வந்த வெள்ள வீடியோவிலிருந்து சத்தத்தை மட்டும் உருவுவது இன்னும் மோசம். எந்த அருவி, எந்த ஆண்டு என்று எடுத்தவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். அவரிடம் ஒரிஜினல் கேட்கும்போது 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும்.

மற்றதெல்லாம் எளிது. எடிட்டுக்கு ஆடாசிட்டி இலவசம். முடித்த ஃபைலின் சத்த அளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் பக்கம் இருக்கட்டும், ஆப்பிள் சொல்வதும் அதுதான். ஹோஸ்டிங் தளத்தில் ஏற்றினால் ஆர்எஸ்எஸ் ஓடை வழியாக மற்ற செயலிகளுக்குப் போய்விடும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டுவிட்டதால், யூடியூபிலும் போட மறக்காதீர்கள்.

நான் அந்தக் கடைக்காரரை அவர் வீட்டிலேயே மறுபடி சந்தித்துப் பேசினேன். 15 நிமிடம் போதுமானதாக இருந்தது. பேசியவருக்கு வெளியிடும் முன்பே போன் போட்டு, எந்தப் பகுதி வருகிறது, பெயர் சொல்லலாமா என்று இன்னொரு முறை கேளுங்கள். சீசன் என்றால் ராத்திரி கடை சாத்திய பிறகு கூப்பிடுங்கள், பகலில் எடுக்க மாட்டார்.