குழாயில் நெளிவது எது?

மேல்தொட்டியைக் கழுவி நாளாகிவிட்ட எந்த வீட்டிலும் நடப்பதுதான். கை கழுவக் குழாயைத் திறந்தால், தண்ணீரோடு சிவப்பாக ஒன்று விழுந்து நெளிகிறது. உடனே ஒரு படம் எடுத்து, ‘இது என்ன? இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். யாருக்காவது தெரியுமா?’ என்று வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போட்டுவிடுகிறோம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமானால் அந்தக் கேள்வி பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் இருக்கும். பதில் சொல்பவர் யாரென்று கேட்டவருக்குத் தெரியாது. கேட்டவர் யாரென்று சொல்பவருக்கும் தெரியாது.

பெரும்பாலும் சரியான பதில் ‘இரத்தப் புழு’. கொசுவைப் போலவே இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவம் அது. பூச்சிகளின் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பது அபூர்வம். இந்தப் புழுவுக்கு அது உண்டு. தொட்டியின் அடியில் படிந்த சேற்றில் ஆக்சிஜன் குறைவு; கிடைப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் அந்தச் சிவப்பு. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மூடியை இடைவெளியில்லாமல் மூடினால் கதை முடிந்தது.

இதே கேள்வியைக் கோட்டயம் பக்கம் ஒருவர் கேட்டால் கதை முடியாமலும் போகலாம். அவர் குழாயில் வந்த சிவப்பு, மீனாக இருக்க வாய்ப்புண்டு.

ஹொராக்ளானிஸ் என்பது அதன் பெயர். நம் தேளி மீனின் தூரத்து உறவு, நீளம் சுண்டுவிரல் அளவுகூட வராது. கண் கிடையாது. தோலில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் இரத்தம் அப்படியே வெளியே தெரிகிறது. புழுவின் சிவப்புக்கும் இதன் சிவப்புக்கும் காரணம் வேறு வேறு. வெள்ளைத் தட்டில் விட்டுப் பார்த்தால் வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசை தெரியும். புழுவுக்கு ஏது மீசை? கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்த இந்த மீனை 1950இல் ஏ.ஜி.கே. மேனன் முதலில் விவரித்தார். 2012இல் திருச்சூர் மாவட்டத்திலிருந்து விவரிக்கப்பட்ட இன்னொரு இனத்துக்கு அப்துல் கலாமின் பெயர் சூட்டப்பட்டது.

உலகில் நிலத்தடியில் வாழும் மீன்கள் 250 இனங்களுக்கு மேல் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை குகைகளில் இருப்பவை. குகைக்குள் மனிதன் விளக்கை எடுத்துக்கொண்டு போகலாம். கேரளத்து மீன்கள் இருப்பதோ பாறைக்குள். அங்கே இடைநாட்டின் அடியில் கிடப்பது செம்பூறாங்கல். வீடு கட்ட வெட்டியெடுக்கிறார்களே, அந்த வெட்டுக்கல். பிரான்சிஸ் புக்கானன் இந்தக் கல்லை மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் பார்த்து எழுதியதை வைத்துத்தான், 1807இல் புவியியலுக்கு ‘லேட்டரைட்’ என்ற சொல் கிடைத்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே துளையும் குழலுமாக இருக்கும். மழைநீர் அந்தத் துளைகளில் இறங்கித் தங்கி ஓடுகிறது. மீன்கள் இருப்பது அந்த இருட்டு நீரில். அதற்குள் எந்த ஆராய்ச்சியாளர் நுழைவது?

அவர் நுழைய முடியாத இடத்துக்கு வாளி போகிறது. கேரளத்தில் கடலோரத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 200 கிணறுகள், இடைநாட்டில் 150, மலைநாட்டில் 70 என்று கணக்குச் சொல்வார்கள். இத்தனை நெருக்கமாகத் திறந்த கிணறுகள் உலகில் வேறெங்கும் இருப்பது அபூர்வம். ஒவ்வொன்றும் நிலத்தடி நீருக்குள் திறக்கும் ஒரு துவாரம். அதிலிருந்து தினமும் யாரோ ஒருவர், மீன் பிடிக்கும் எண்ணமே இல்லாமல், தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார். பல்கலைக்கழகம் எத்தனை வலை வாங்கினாலும் இதற்கு ஈடாகாது. குறை ஒன்றுதான்: கண்டவர் யாரிடமாவது கேட்க வேண்டும்.

2018 வெள்ளத்துக்குப் பிறகு மலப்புறம் மாவட்டம் வேங்கரைப் பக்கத்து வயலில் ஒருவர் அப்படித்தான் கேட்டார். செம்பழுப்பாக, நீளமாக, பாம்பையும் மீனையும் கலந்ததுபோல் ஒன்று கிடைத்திருந்தது. அவர் சமூக ஊடகத்தில் போட்ட படம் கொச்சியிலுள்ள கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்து ராஜீவ் ராகவனின் கண்ணில் பட்டது. அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ரால்ஃப் பிரிட்ஸுக்குப் போனது. பார்த்தால் விராலின் இனம். ஆனால் இதுவரை யாரும் கண்டிராத விரால். நம் விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும், அதற்கென்று தலையில் தனி உறுப்பு உண்டு. இதற்கு அது இல்லை. 2019இல் ‘ஏனிக்மசன்னா கொல்லம்’ என்று பெயர் வைத்தார்கள். கொல்லம் ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டோல்கீன் கதையில் பூமிக்கடியில் வாழும் பிறவியின் பெயர் அது. மறுவருடம் இதற்காகத் தனிக் குடும்பமே வகுக்க வேண்டியதாயிற்று. விராலும் இதுவும் பிரிந்தது 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பா, 10.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பா என்பது எந்தப் புதைபடிவத்தை வைத்துக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் மனித இனம் அதன் முன்னால் நேற்றுப் பிறந்த குழந்தை.

படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் இன்று எல்லோர் கையிலும் இருக்கின்றன. நான் அவற்றுக்கு எதிரியல்ல. இரத்தப் புழுவுக்கு அவை போதும். ஆனால் அவை ஏற்கெனவே பெயர் வைத்தவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். அந்த வயல் மீனைக் காட்டியிருந்தால் ஏதோ ஒரு விலாங்கின் பெயரை அடித்துச் சொல்லியிருக்கும் என்றே நினைக்கிறேன். வாழ்நாள் முழுக்க மீன் பார்த்த ஒருவர் ‘எனக்குத் தெரியவில்லையே’ என்று சொல்வது வேறு. இந்தக் கதை நகர்ந்ததே அந்தத் ‘தெரியவில்லை’யால்தான்.

தற்செயலாக வந்துகொண்டிருந்த இந்தக் கேள்விகளை ராஜீவ் ராகவனின் குழுவினர் தேடியும் போனார்கள். ஊர் ஊராகக் கூட்டம் கூட்டி, கிணற்றையும் மேல்தொட்டியையும் பார்க்கச் சொன்னார்கள். ஆறு ஆண்டு வேலையில் ஹொராக்ளானிஸ் வாழும் 47 புதிய இடங்கள் தெரியவந்தன, 65 புதிய மரபணு வரிசைகளும் கிடைத்தன. 2023இல் அறிவித்த புதிய இனத்துக்கு, கண்டு சொன்ன பொதுமக்களின் நினைவாக ‘பாப்புலி’ என்று பெயர். கோழிக்கோட்டுக் கிணறு ஒன்றிலிருந்து வந்த இரண்டரை சென்டிமீட்டர் அயிரை வகைக்கு 2019இல் ‘புஜியா’ என்றே பெயரிட்டார்கள். ஓமப்பொடித் துண்டு போலவே இருக்கும் என்பதுதான் காரணம்.

சித்தூர்க்காரருக்கும் இடுக்கி மாவட்டத்துக் குமுளிக்காரருக்கும் ஏன் இந்த யோகம் குறைவு? மண்தான் காரணம். சித்தூர் தாலுகாவில் கரிசல் உண்டு, மழை குறைவு, ஆழ்துளைக் கிணறுகள் அதிகம். இடுக்கி மலைகளின் அடியில் இருப்பது கடும்பாறை. அதில் நீர் விரிசல்களில்தான் நிற்கும். ஒற்றப்பாலம் தாண்டி மேற்கே போகப் போகத்தான் வெட்டுக்கல் வீடுகள் கண்ணில் படத் தொடங்குகின்றன. அங்கே பெண் கொடுத்தவர்கள், வேலைக்குப் போனவர்கள் எல்லைப் பக்கத்தில் எத்தனையோ பேர்.

அவர்களுக்காக ஒன்று. கோடையில் கிணற்றை இறைத்துத் தூர் வாரும்போது, பிளீச்சிங் பவுடர் போடுவதற்கு முன்னால் சேற்று வாளியை ஒருமுறை பாருங்கள். குளோரின் பட்டபின் தேடிப் பயனில்லை. ஏதாவது அசைந்தால் அந்தக் கிணற்று நீரிலேயே நிழலில் வையுங்கள். வெள்ளைத் தட்டில் விட்டு, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுங்கள். கிணற்றின் ஆழம், முந்தைய நாள் மழை பெய்ததா, எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘இது என்ன?’ என்று மட்டும் எழுதினால் பதில் சொல்பவர் இந்த மூன்றையும்தான் முதலில் திருப்பிக் கேட்பார்.