தரங்கம்பாடி: டேனியர் ஊரின் தொடக்கம்

டென்மார்க்கின் டேனியர் வருவதற்கு முன்பே தரங்கம்பாடி ஒரு வணிகத் தலமாக இருந்தது. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் பாண்டியர் காலத்தது.

1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதர், ஆண்டுக் குத்தகைக்கு இவ்வூரை டேனியருக்கு அளித்தார். மிளகு தேடி வந்த அவர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். துறைமுகம் இல்லாததால் கப்பல்கள் கடலில் நங்கூரமிட, உள்ளூர்ப் படகோட்டிகளே அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரைசேர்த்தனர்.

1643-க்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து கப்பலே வரவில்லை. கோட்டையில் எஞ்சிய சிலர் உள்ளூரார் துணையோடு தாக்குப்பிடித்தனர்.

1706-இல் ஜெர்மானிய மறைபோதகர் சீகன்பால்கு வந்திறங்கினார். இங்கு அச்சான அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவுற்றது. ராஜ வீதியிலுள்ள புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் எழுந்தது. சீகன்பால்குவின் கல்லறை அதனுள்ளே உள்ளது.

1845-இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.